டுகாட்டோ கேம்பர் வேன்: விண்டர் டயருக்கு 15 இஞ்ச் ரிம் போடலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஓடும் ஃபியட் டுகாட்டோ, ஹெவி சேஸிஸ் (அதிக எடை தாங்கும் அடிச்சட்டம்). இப்போது 225/75 ஆர்16 (16 இஞ்ச் ரிம்) சிபி டயர், அதாவது கேம்பர் வேனுக்கான டயர். பழைய 15 இஞ்ச் ரிம் செட் மலிவாக வருது. அதில் 215/70 ஆர்15 விண்டர் டயர் ஏத்தலாமா? டிசம்பரில் ஆஸ்திரியா போகணும்.

பதில் 1: மாட்டவே மாட்டாது. 15 இஞ்ச் என்பது லைட் சேஸிஸ் ரிம்; அதில் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 118 மி.மீ., உங்களுடையது 130. டயர் விட்டமும் 744-லிருந்து 682 மி.மீ.க்கு இறங்கிடும். 16-லேயே இருங்க.

பதில் 2: விண்டரில் சிபி கிடைப்பது அரிது, 'சி' (சரக்கு வேன் டயர்) போதும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) முக்கியம்: 121 என்றால் டயருக்கு 1450 கிலோ. தண்ணி, கேஸ், சாமான் எல்லாம் ஏத்தி ஒவ்வொரு அச்சையும் எடை போட்டு, டயர் கம்பெனி அட்டவணைப்படி காத்து அடிங்க. சிபிக்குச் சொன்ன 5.5 பார் காத்தழுத்தத்தை அப்படியே அடிச்சா நடுப்பட்டை மட்டும் தேயும், பனியில் பிடி போகும். வால்வு உலோகத்தில் இருக்கட்டும்.

பதில் 3: வெறும் 'எம்+எஸ்' (சேறு, பனிக்கான) முத்திரை மட்டும் உள்ள டயர் விண்டர் டயராக 2024 அக்டோபரிலிருந்து ஜெர்மனியில் செல்லாது. மூன்று முகட்டு மலைக்குள் பனிச்செதில் படம் இருக்கணும். ஆஸ்திரியாவில் பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் அது விண்டர் டயர் கணக்கிலேயே வராது. மாட்டிய பின் 50 கி.மீ. ஓட்டிட்டு போல்ட் இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) மறுபடி பாருங்க.