டெக்சாஸ் உணவகங்களில் வெளிப்படையாகத் துப்பாக்கி: நாம் நேரில் கண்டவை

பிளேனோவிலிருந்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டாலஸுக்கு வடக்கே நாங்கள் வழக்கமாகச் செல்லும் பான்கேக் கடையின் வரிசையில், மனைவியும் நானும் ஏழு வயது மகளும் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற மனிதரின் வலது இடுப்பில், ஓரங்கள் தேய்ந்து வெளிறிப்போன தோல் உறைக்குள், ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. நான் அதைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தேன். மகளுக்கோ அது நேராகக் கண்ணுக்கு எதிரே இருந்தது. "அப்பா, இவரு போலீஸா?" என்று தமிழில் கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குத் துப்பாக்கி வச்சிருக்காரு?" என்ற அடுத்த கேள்விக்கு, அந்த வரிசையில் நின்றுகொண்டு என்னால் ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை.

அந்த மனிதர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பின்னால் கைத்தடியோடு வந்த மூதாட்டிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். சட்டப்படி அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நான் வளர்ந்த ஊரில், வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருந்த காவலாளியின் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தவிர வேறொன்றை அருகில் பார்த்ததில்லை என்பதால், என் பதற்றத்தில் பாதி பழக்கமின்மையால் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்தியது அதன் பிறகு நடந்தது. எங்கள் மேசைக்கு வந்த பரிமாறும் பெண்ணிடம், இங்கே இதற்கு ஏதாவது விதி உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். துப்பாக்கியை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று தலைமை அலுவலகம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், ஆனால் யாராவது கொண்டுவந்துவிட்டால் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதாகவும் அவர் சொன்னார். வாசற்கதவில் அப்படி ஒரு வரிகூட இல்லை. வெளியே வரும்போது இரண்டு கதவுகளையும் நின்று பார்த்தேன். வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பும், கடன் அட்டைகளின் படங்களும் மட்டுமே ஒட்டியிருந்தன. உங்களில் உணவகம் நடத்துவோரும், உணவகத்தில் வேலை பார்த்தவர்களும், துப்பாக்கி வைத்திருப்போரும் உண்டு என்று அறிவேன். நீங்கள் சந்தித்ததை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இர்விங்கிலிருந்து, உணவகம் நடத்துபவர்

நண்பர் கேட்ட கேள்வியை நான் 2015-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களும் சுமந்துகொண்டிருந்தேன். டெக்சாஸில் 1871-லிருந்து கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிந்து நடமாடத் தடை இருந்துவந்தது. 2016 ஜனவரி 1 முதல், உரிமம் பெற்றவர்கள் இடுப்பிலோ தோளிலோ உறையில் வைத்து வெளிப்படையாக அணியலாம் என்று சட்டம் மாறியது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவருக்கு அந்த உரிமமும் தேவையில்லை என்றாகிவிட்டது. ஆனால் இரண்டு சட்டங்களும் இடத்தின் உரிமையாளருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையை விட்டுவைத்திருக்கின்றன. அதைச் சொல்லும் முறைதான் நாம் விரும்பியபடி இருக்க முடியாது.

துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒட்டுப்படம் ஒன்றை வாங்கி ஒட்டினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். உரிமம் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது என்று வழக்கறிஞர் விளக்கினார். தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு மறைத்து எடுத்துவருவோருக்கு, 30.07 பிரிவு வெளிப்படையாக அணிந்து வருவோருக்கு. சட்டத்தில் உள்ள வாசகத்தை அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயரமுள்ள பெரிய எழுத்துகளில், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறத்தில் எழுத வேண்டும், 30.07 அறிவிப்பை ஒவ்வொரு வாசலிலும் வைக்க வேண்டும். 2021-க்குப் பிறகு, உரிமம் இல்லாமல் வருவோருக்காக 30.05 என்ற இன்னொன்றும் சேர்ந்தது. அங்குல எழுத்தில் இரண்டு மொழிகள் என்றால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைக் கதவில் அளந்து பார்த்த பிறகே உணர்ந்தேன். தீபாவளிப் பலகார ஆர்டர் விளம்பரமும் மதியச் சாப்பாட்டுப் பட்டியலும் பக்கத்துச் சன்னலுக்குப் போயின.

நான் 30.07-ஐ மட்டும் ஒட்டினேன். உரிமம் பெற்று மறைத்து வைத்திருப்பவரைத் தடுக்கவில்லை. டெக்சாஸிலேயே 1950-இல் தொடங்கப்பட்ட வாட்டபர்கர் என்ற பர்கர் உணவக நிறுவனம் 2015 ஜூலையில் எடுத்த நிலையும் ஏறக்குறைய இதுதான்: உரிமத்தோடு மறைத்து வைத்திருப்போர் வரலாம், வெளிப்படையாக அணிந்தோர் வேண்டாம் என்று அதன் தலைவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். இத்தனை பெரிய டெக்சாஸ் நிறுவனமே தயங்காமல் சொன்னது எனக்குத் தைரியம் தந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அறிவிப்பை ஒட்டிய முதல் வாரத்தில், மசால் தோசைக்கும் ஃபில்டர் காபிக்கும் தவறாமல் வரும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் கதவருகே நின்று அதை முழுவதும் படித்தார். திரும்பித் தம் டிரக்குக்குப் போனார். ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்துவிட்டோம் என்று கல்லாவில் நின்றுகொண்டு நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் வெறும் இடுப்போடு உள்ளே வந்தவர், வழக்கமான மேசையில் அமர்ந்து, "எழுத்து தெளிவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய ஆறுதல். வேறொரு நாள் ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று படித்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டது. அதுவும் அவர்கள் உரிமை.

ஒருமுறைதான் நேரில் பேச வேண்டி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கூட்டத்தில் அறிவிப்பைக் கவனிக்காமல் உறையோடு ஒருவர் உள்ளே வந்து அமர்ந்துவிட்டார். கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்தார். நான் கைகளைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வெளியே வந்தேன். பக்கவாட்டில் நின்று, பிறர் காதில் விழாதபடி, "ஐயா, உங்களுக்குப் பரிமாறுவதில் எங்களுக்கு மகிழ்ச்சி, அதைக் காரில் வைத்துவிட்டு வர இயலுமா? உங்கள் மேசையை நான் வைத்திருக்கிறேன்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போய், வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அறிவிப்பை மீறி நுழைவதற்கு 200 டாலர் வரை அபராதம்தான். ஆனால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்ட பிறகும் வெளியேற மறுத்தால் அது ஓராண்டு வரை சிறைக்கு இடம் கொடுக்கும் குற்றம். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் இருப்பதால், அதைச் சொல்ல வேண்டியவர் உரிமையாளரோ மேலாளரோதான் என்று எங்கள் உணவகத்தில் எழுதியே வைத்திருக்கிறோம். மணிக்கூலிக்குப் பரிமாறுபவரிடம் அதை விடக் கூடாது.

ஃபோர்ட் வொர்த்திலிருந்து

நான் 2014-இல் கல்லூரி மாணவி. இங்கேயே பிறந்தவள். வார இறுதிகளில் ஒரு குடும்ப உணவகத்தின் வாசலில் விருந்தினரை வரவேற்று இடம் காட்டும் வேலை பார்த்தேன். உணவகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மேலே இர்விங் அண்ணா எழுதியதைப் படித்தபோது, அன்று எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லையே என்றுதான் தோன்றியது.

கைத்துப்பாக்கியை வெளிப்படையாக அணியக் கூடாது என்ற அதே காலத்தில், ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கியை உரிமமே இல்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் டெக்சாஸின் நிலை. அந்த முரணைச் சுட்டிக்காட்டிக் கைத்துப்பாக்கிக்கும் அனுமதி கேட்டவர்கள், அந்த ஆண்டு குழுக்களாக ரைஃபிள்களோடு உணவகங்களுக்குச் சென்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் உணவகத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் ஐந்து பேர் வந்தார்கள். ஐவரின் முதுகிலும் ரைஃபிள். முதலில் வந்தவர் புன்னகையோடு, ஐந்து பேருக்கு மேசை வேண்டும் என்றார். நான் பட்டியல் அட்டைகளை எண்ணி எடுத்தேன். ஐந்து அட்டைகளை எண்ணுவதற்கு எனக்கு மூன்று முறை ஆயிற்று. மேலாளர் விடுப்பில் இருந்தார். திரும்பிப் பார்த்தபோது, பாத்திரம் கழுவும் பையனும் இரண்டு சமையற்காரர்களும் குளிர்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்திருந்த மேசையில் ஒரு தாய், குழந்தையின் உயர நாற்காலியை இழுத்துத் தனக்கு மறுபக்கம் வைத்தார்.

அவர்கள் அரை மணி நேரம் சாப்பிட்டார்கள், நல்ல டிப்ஸ் வைத்தார்கள், போனார்கள். எதுவும் நடக்கவில்லை. ஆனால் வாசலில் நின்ற எனக்கு, உள்ளே வரும் ஐந்து பேரின் நோக்கம் என்ன என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலையை யாரும் சம்பளத்தோடு கொடுத்திருக்கவில்லை. மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் குறிப்பு வந்தது. வாடிக்கையாளரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், சட்டம் மீறப்பட்டால் காவல்துறையை அழையுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அந்த ஆண்டு மே மாதத்தில் சிபோட்லேயும், பிறகு சோனிக்கும் சில்லிஸும் ஆகிய பெரிய உணவக நிறுவனங்கள், துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டன. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு தொடங்கப்பட்ட அன்னையர் அமைப்பு ஒன்றின் வற்புறுத்தலுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்.ஆர்.ஏ.-வே, ரைஃபிளோடு உணவகத்தில் வரிசையில் நிற்பதை விசித்திரமானது என்று கண்டித்து எழுதி, சில நாட்களில் அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, 2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்டு ஷுல்ட்ஸ் எழுதிய கடிதம். இது தடை அல்ல, வேண்டுகோள் என்று அவர் அதில் தெளிவாகச் சொன்னார். தடை என்றால் ஆயுதம் ஏந்திய ஒருவரை ஊழியர்கள் எதிர்கொள்ள வேண்டிவரும், அதை அவர்களிடம் கேட்க விரும்பவில்லை என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், வேண்டுகோளைக் கதவில் எழுதாமல் செய்தித்தாளில் மட்டும் சொல்லிவிட்டால், அதைப் படிக்காமல் வருபவருக்கு முன்னால் நிற்பது அதே ஊழியர்தான்.

டெம்பிளிலிருந்து

நான் உரிமம் பெற்றவன். சட்டை மறைத்தபடி கைத்துப்பாக்கி வைத்திருப்பவன். இங்கே எழுதுபவர்களில் என்னைப் போன்றவர்கள் குறைவு என்பதால், எங்கள் பகுதியில் இந்த விஷயம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைச் சொல்வது கடமை என்று எண்ணுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் கில்லீன் இருக்கிறது. 1991 அக்டோபர் 16 அன்று மதியம், அங்கே லூபிஸ் சிற்றுண்டிச் சாலையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு டிரக்கோடு உள்ளே புகுந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோரோடு சாப்பிட வந்திருந்த சூசன்னா ஹப் கைப்பைக்குள் கையை விட்டபோது, அன்றைய சட்டத்துக்கு அஞ்சித் தம் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. கொலையாளியை நோக்கிப் பாய்ந்த தந்தை சுடப்பட்டார். அவரை விட்டு வர மறுத்த தாயும் அங்கேயே கொல்லப்பட்டார். ஹப் பின்னர் பல மாநிலங்களில் சாட்சியம் சொன்னார், டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வழங்கும் சட்டம் 1995-இல் நிறைவேறியதற்கு அவர் குரல் முக்கியக் காரணம். என்னோடு வேலை பார்க்கும் பெரியவர்களிடம் உணவகமும் துப்பாக்கியும் என்று சொன்னால், அவர்கள் மனத்தில் எழும் காட்சி பான்கேக் கடை வரிசை அல்ல, அந்த மதியம்.

இருந்தும், வெளிப்படையாக அணிவதை நான் ஆதரிக்கவில்லை. பாதுகாப்புக்கு என்றால் அது பிறர் கண்ணில் பட வேண்டிய அவசியம் இல்லை. 30.07 ஒட்டிய கடைக்குள் மனநிறைவோடு போவேன். 30.06-ம் சேர்த்து ஒட்டிய கடை என்றால் காருக்குத் திரும்ப வேண்டும். அங்கேதான் யாரும் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. உணவகத்தின் வாகன நிறுத்தத்தில், இருக்கைக்கு அடியில் விட்டுவந்த துப்பாக்கிதான் திருடருக்கு எளிதில் கிடைப்பது. ஒருமுறை என் கார்க் கண்ணாடி உடைக்கப்பட்டது. நல்லவேளையாக அன்று உள்ளே எதுவும் இல்லை. அதற்குப் பிறகு, எஃகுக் கம்பி வடத்தால் இருக்கையின் அடிச்சட்டத்தோடு பிணைத்த சிறு பூட்டுப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லும் இர்விங் அண்ணனைப் போன்றவர்கள், பூட்டி வைத்துவிட்டு வாருங்கள் என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சிகாகோவிலிருந்து

இல்லினாய்ஸில் வெளிப்படையாக அணிவதே சட்டப்படி கூடாது. உரிமத்தோடு மறைத்து வருவோரையும் தடுக்க விரும்பும் கடை, அகலம் நான்கு அங்குலமும் நீளம் ஆறு அங்குலமும் கொண்ட ஒரு சிறு படத்தை வாசலில் ஒட்டுகிறது. பதினொரு ஆண்டுகளில் எந்த உணவகத்திலும் நான் ஒரு துப்பாக்கியைக் கண்டதில்லை. சொல்வதற்கு என்னிடம் இதற்கு மேல் இல்லை.

மீண்டும் பிளேனோவிலிருந்து

அனைவருக்கும் நன்றி. ஃபோர்ட் வொர்த் சகோதரி எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன்; உயர நாற்காலியை இழுத்த அந்தத் தாயைப் பற்றிய வரியில் அவர் நிறுத்தச் சொன்னார்.

நேற்று அந்தப் பான்கேக் கடைக்குத் தனியாகச் சென்று மேலாளரைச் சந்தித்தேன். பொறுமையாகக் கேட்டார். கதவில் எதை ஒட்டுவது என்பது தம் கையில் இல்லை, வட்டார அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். எனவே அங்கேயே அமர்ந்து கடிதம் எழுதினேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள், ஆனால் அதை 30.07 கேட்கும் அளவு எழுத்தில் எல்லா வாசல்களிலும் எழுதுங்கள், மீறி வருபவரிடம் பேச வேண்டியவர் மேலாளர் மட்டுமே என்று ஊழியர்களுக்கு எழுத்தில் கொடுங்கள் என்ற இரண்டைத்தான் கேட்டிருக்கிறேன். அன்று எங்களுக்குப் பரிமாறிய பெண் அதே மேசைக்குக் காபி கொண்டுவந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்துவிட்டு, இரண்டாவது வேண்டுகோளின் கீழே விரலை வைத்து, இதை முதலில் போட முடியுமா என்று கேட்டார். மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.