பிரெஞ்சில் பி1-ஐத் தாண்ட முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 என்ற இடைநிலையை முடித்து ஒரு வருடம் ஆகிறது. அதற்குமேல் நகரவே முடியவில்லை. வாசிப்பது பரவாயில்லை. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி 10 நிமிடமும் புரிகிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குள் பேசினால் பாதி நழுவிவிடுகிறது. 'ஜ ந சே பா' (எனக்குத் தெரியாது) என்று நான் படித்ததை அவர்கள் 'ஷேபா' என்று விழுங்கிவிடுகிறார்கள். 'இல் இ ஆ' (இருக்கிறது) வெறும் 'யா' ஆகிவிடுகிறது. இதற்குக் காதை எப்படிப் பழக்கினீர்கள்?

அப்புறம் எழுத்து. அடுத்த நிலையான பி2 தேர்வில் ஒரு மணி நேரத்தில் 250 சொற்களில் வாதிட்டு எழுத வேண்டும். சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்) விதிகள் தெரியும், எழுதும்போது கைக்கு வருவதில்லை. 100-க்கு 50 வாங்கித் தேறுவது மட்டும் எனக்குப் போதாது, சரளமாகப் பேச வேண்டும்.

இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் தினமும் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். புதுச்சேரியில் வாராவாரம் சேர்ந்து பேசிப் பழக யாராவது இருக்கிறீர்களா?