குல்மார்க்கில் கூட்டமில்லாமல் பனிச்சறுக்க வழி உண்டா?

குழுவினருக்கு வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். பிப்ரவரியில் நானும் தம்பியும் பனிச்சறுக்குக்காக மீண்டும் காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். அவனுக்கு எந்திரம் வைத்துச் சமன் செய்த தடம்தான் பிடிக்கும். எனக்கோ யாரும் மிதிக்காத, முழங்கால் புதையும் பனி வேண்டும்.

ரோப் காரின் நடு நிலையமான கொங்டோரியில் வரிசையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி போல நெரிகிறது. மேலே, ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், அபர்வத் மலையில் அமைதி கிடைக்கும். ஆனால் தடத்தை விட்டு விலகினால் பனிச்சரிவு அபாயம் உண்டு. வழிகாட்டியும், புதைந்தவரைக் கண்டறியும் சிக்னல் கருவியும், பனி தோண்டும் மண்வெட்டியும் இல்லாமல் இறங்க மாட்டேன்.

அந்தக் கருவி அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா? நம்பகமான வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? தம்பிக்காக இன்னொன்று: சமன் செய்த தடம் எந்த நேரத்தில் காலியாக இருக்கும்? போய்வந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.