புதுப்பிப்பு: ‘பெண்ணியம்னாலே எரிச்சல் வருது, தப்பு என் மேலயா?’

மூணு மாசம் முன்னாடி இந்தக் கேள்வியை இங்க கேட்டிருந்தேன். திட்டாம பதில் சொன்னவங்களுக்கு நன்றி, திட்டினவங்களுக்கும்தான்.

நீங்க சொன்ன கட்டுரைகளைப் படிச்சேன். பெருசா ஒண்ணும் மாறலை, ஒவ்வொரு வரிக்கும் மனசுக்குள்ள எதிர்வாதம் பண்ணிட்டே இருந்தேன். வேலை செஞ்சது ஒருத்தர் சொன்ன தாள் யோசனை: ரெண்டு வாரம், வீட்டு வேலையை யார் செய்றாங்கன்னு இல்ல, யார் ஞாபகம் வச்சுக்கிறாங்கன்னு எழுதணும். பாத்திரம் நான்தான் கழுவுறேன், பாதிக்குப் பாதின்னு நினைச்சிருந்தேன். ஆனா தடுப்பூசித் தேதி, தீரப்போற சோப்பு, என் அம்மாவோட மாத்திரை உட்பட எல்லாம் என் மனைவி பக்கம். மகளுக்கு என்ன அளவு செருப்புன்னுகூட எனக்குத் தெரியலை.

1975 அக்டோபர் 24 அன்னைக்கு ஐஸ்லாந்துப் பெண்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் வேலையை, வீட்டு வேலையையும் சேர்த்து, நிறுத்தினதா ஒருத்தர் எழுதியிருந்தார். அப்போ சிரிச்சேன். தாளைப் பார்த்தப்புறம் சிரிப்பு வரலை.

எதிர்பாராதது: மனைவி சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். கோபம்தான் வந்துச்சு. “பத்து வருஷமா வாயால சொன்னேன், தாள்ல பார்த்தாத்தான் நம்புவீங்களா?”ன்னாங்க.

இப்போ தடுப்பூசியும் மாத்திரையும் முழுக்க என் பொறுப்பு. ஒருதடவை மறந்தேன். அவங்க ஞாபகப்படுத்தலை.