இடியில் ஆம்ப் போய்விட்டது, ஆயிரம் வெள்ளிக்குள் எது வாங்கலாம்?

சுங்கை சிப்புட்காரன்
வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். போன வாரம் அடித்த இடியில் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விட்டது. விளக்கு எரிகிறது. ஆனால் சுவிட்ச் போட்ட சில விநாடிகளில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது வரவில்லை. இரண்டு பக்கமும் பாட்டு இல்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். அவுட்புட் ஐசி எரிந்துவிட்டது, ஒரிஜினல் கிடைக்காது, புதுசு வாங்கிக்கொள் என்றார்கள்.

ஸ்பீக்கர்கள் நல்ல கனமான மரப்பெட்டி, ஆறரை அங்குல வூஃபர். பின்னால் 8 ஓம், 88 டெசிபல் என்று போட்டிருக்கிறது. ஹால் சின்னது. அப்பாவுக்கு விடிந்ததும் மின்னல் எஃப்எம் வேண்டும், தோட்டத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். சாயங்காலம் அஸ்ட்ரோ. ராத்திரி கைப்பேசியிலிருந்து நான் பாட்டுப் போடுவேன். ஆன்லைனில் உள்ளங்கை அளவு ஆம்ப் ஒன்று ‘ஒரு பக்கத்துக்கு 300 வாட்’ என்று விற்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை ரேடியோவோடு வரும் ரிசீவரா?

ஈப்போ ரேடியோக்காரர்
தம்பி, ஆம்பை விடுங்கள், முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். அவுட்புட் பகுதி எரியும்போது டிசி கரண்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போகலாம். ‘டிக்’ என்று கேட்பது பாதுகாப்பு ரிலே. உள்ளே கோளாறு இருந்தால் அது ஸ்பீக்கரை இணைக்காது. உங்களுடையது இணைக்காமல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கர் தப்பித்திருக்கும். ஆனாலும் இடி விழுந்த நேரத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்து ஷார்ட் ஆன ஸ்பீக்கரைப் புது ஆம்பில் மாட்டினால் அந்த ஆம்பும் போகும்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது, 6, 7 பக்கம் காட்டும், அது சரி. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. அப்புறம் கோனின் (வூஃபரின் முன்னால் அசையும் கூம்பின்) இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசக் கூடாது.

தைப்பிங் அண்ணன்
புதுசு எதற்கு தம்பி? ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகளில் சான்சுயி, பயோனியர் எல்லாம் கிடைக்கும். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மரின் கனமே வேறு. இந்தக் காசுக்கு அந்தச் சத்தம் புதுசில் வராது.

ஈப்போ ரேடியோக்காரர்
சத்தம் நன்றாகத்தான் இருக்கும், அண்ணே. ஆனால் ஜப்பானுக்குள் விற்ற செட்டுக்கு 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230, 240 பக்கம். நேராகச் செருகினால் அந்த நிமிடமே போய்விடும். பின்பக்கத்தில் ‘ஏசி 100வி’ என்று அச்சிட்டிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடைகளில் 110 வோல்ட்டுக்கு இறக்குவது எளிதில் கிடைக்கும், அது பத்து சதவீதம் கூடுதல். சரியாக 100க்கு இறக்குவதைத் தேட வேண்டும். அந்த வயதுச் செட்டில் கெப்பாசிட்டரும் காய்ந்திருக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அது பொக்கிஷம். விடியற்காலையில் ரேடியோ கேட்கும் அப்பாவுக்கு அது வேண்டாம்.

பீடோர் வயர்மேன்
300 வாட் கணக்கைப் பார்ப்போம். அந்த மாதிரி சின்ன ‘கிளாஸ் டி’ வகை ஆம்புகள் பலவற்றுக்கு 48 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பார்கள். பெருக்கினால் 240 வாட். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே தொடர்ந்து கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். பிறகு 600 எங்கிருந்து வரும்? 32 வோல்ட் அடாப்டர் என்றால் 8 ஓமில் ஒரு பக்கத்துக்கு 60 வாட் சொச்சம்தான் மேல் எல்லை.

அதற்காக அவை மோசம் என்று சொல்லவில்லை. டிபிஏ3255 சிப் போட்ட ஃபோசி வி3, ஐயிமா ஏ07 இரண்டும் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் தருகிறது. 10 வாட்டில் 98, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும். சின்ன ஹாலில் 98 டெசிபல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆகவே வாட்டைத் துரத்த வேண்டாம். அடாப்டரில் சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) இருக்கிறதா என்று பாருங்கள், அது முக்கியம்.

கோலகங்சார் அக்கா
தம்பி, இடி எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லையே? எங்கள் பக்கமும் இதே தொல்லை. மெயின் வழியாக மட்டும்தான் வரும் என்றில்லை. அஸ்ட்ரோ தட்டு கூரையில் வெட்டவெளியில் நிற்கிறது. அந்தக் கேபிள் டிகோடருக்கு, அங்கிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து சிவப்பு வெள்ளை வயர் வழியாக ஆம்புக்கு. எல்லாம் செம்புக் கம்பி, ஒன்றோடு ஒன்று கோர்த்தது. மெயின் பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தப் பாதை திறந்தே கிடக்கிறது.

டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் எடுங்கள். அதில் போவது வெறும் வெளிச்சம், மின்சாரம் அதைத் தாண்டாது. டிவி வழியாக வரும் ‘உம்’ இரைச்சலும் நின்றுவிடும். யமஹா ஏ-எஸ்301 ஆம்பில் ஆப்டிகல் உண்டு, ஆனால் ரேடியோவும் இல்லை, ப்ளூடூத்தும் இல்லை. யமஹா ஆர்-எஸ்202 ரிசீவரில் எஃப்எம், ப்ளூடூத், 8 ஓமில் பக்கத்துக்கு 100 வாட், எல்லாம் இருக்கிறது, ஆப்டிகல் இல்லை. நான் உங்கள் வீட்டுக்கு ஆர்-எஸ்202தான் சொல்வேன். கூடவே ஆப்டிகலைச் சிவப்பு வெள்ளை வயருக்கு மாற்றித் தரும் தீப்பெட்டி அளவு டிஏசி ஒன்று, விலை அதிகமில்லை. அதற்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள், தனி சார்ஜர் போடுங்கள். டிவியில் எடுத்தால் மறுபடியும் செம்புப் பாதை வந்துவிடும்.

சுங்கை சிப்புட்காரன்
எல்லோருக்கும் நன்றி. மீட்டர் கடன் வாங்கி அளந்தேன். ஒன்று 6.4, இன்னொன்று 6.5. உரசல் இல்லை. ஆனால் துணி மூடியைக் கழற்றினால் கோனைச் சுற்றி இருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் விரல் பட்டதும் கருப்புத் தூளாகக் கையில் ஒட்டுகிறது. இடது பக்கம் கீழே அரை அங்குலத்துக்குக் கிழிசல். ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டுமா?

ஈப்போ ரேடியோக்காரர்
வேண்டாம், தம்பி! சுருள் நல்லபடியாக இருக்கிறது, அதுதான் உயிர். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அந்த ஸ்பாஞ்ச் உதிரத்தான் செய்யும். வளையம் மட்டும் தனியாக விற்கிறார்கள். ஆறரை அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். வளையத்தின் வெளி விட்டம், கோனில் ஒட்டும் இடத்தின் விட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து கேளுங்கள். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் கோனில் ஒட்டி, மறுநாள் சட்டத்தில் ஒட்டுங்கள். பசை இறுகும்வரை கோனை அழுத்தி அழுத்திப் பார்த்து நடுவில் நிறுத்துங்கள். அதுவரை பாஸ் கூட்டிப் பாட்டுப் போட வேண்டாம், கிழிசல் பெரிதாகும்.

தைப்பிங் அண்ணன்
ரப்பர் வளையம் போட்டால் நீண்ட நாள் வருமே?

ஈப்போ ரேடியோக்காரர்
வரும், அண்ணே. ஆனால் கொஞ்சம் கனம், விறைப்பும் வேறு. பாஸ் மாறிவிடும். அந்தப் பெட்டி ஸ்பாஞ்சுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது, அதையே போடட்டும்.

சுங்கை சிப்புட்காரன்
சரி, ஸ்பாஞ்ச் வளையம் ஒரு ஜோடி ஆர்டர் போட்டுவிட்டேன். ரிசீவருக்கு ஈப்போவில் விலை கேட்கிறேன். அக்கா, பட்ஜெட்டில் அடங்கினால் ஆர்-எஸ்202, டிஏசி. மிஞ்சினால் ஃபோசி, டிஏசி, அப்பாவுக்குத் தனியாக ஒரு ரேடியோ. டிஏசியை மாட்டும்போது டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

கோலகங்சார் அக்கா
ஆமாம். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோவை ‘பிசிஎம்’ என்று வையுங்கள். டால்பியில் இருந்தால் சின்ன டிஏசிக்குப் புரியாது, சத்தமே வராது, இல்லை கரகரக்கும். பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் வழியாக எடுத்தால் டிவி ரிமோட்டில் வால்யூம் ஏறாது, இறங்காது. ரிசீவர் ரிமோட்டை அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். மழை இருட்டினால் மெயின் பிளக், தட்டுக் கேபிள் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். இடி தொடங்குவதற்கு முன்னால், தம்பி. தொடங்கிவிட்டால் தொட வேண்டாம்.