விமானத் தரிப்பிடத்தில் நீங்கள் கண்டவை: இரத்மலானை, கட்டுநாயக்க விமான நிலைய அனுபவங்கள்

பயிற்சி விமானி, கல்கிசை

ஐப்பசிப் பிற்பகலில் இரத்மலானையில் இடிமழை எப்படித் திரளும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்த செஸ்னா சிறுவிமானம் ஒன்றின் விமானி, அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுவதாகக் கூறி, பார்க்கிங் பிரேக்கை மட்டும் போட்டுவிட்டுச் சென்றார். சக்கரக் கட்டையும் கயிறும் இங்கு கட்டாயம் என்று தரைப்பணியாளர் இரு முறை சொல்லியும் அவர் பொருட்படுத்தவில்லை. மழை விழுவதற்கு முன்பே கடற்காற்று சட்டென்று ஓய்ந்து, நிலப்பக்கத்திலிருந்து பெருங்காற்று வந்து விமானத்தைப் பின்புறமாகத் தாக்கியது. வால் எழும்பியது, பாரம் முன்சக்கரத்தில் சாய, விமானம் பக்கவாட்டில் திரும்பி, இடது இறக்கை நுனி எரிபொருள் பவுசரின் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரம்வரை வந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய் இறக்கைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டோம். ஆசனத்திலிருந்த பவுசர் சாரதி இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டது இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

இரவுப்பணி, நீர்கொழும்பு

கட்டுநாயக்கவில் ஒரு விமானம் தரிப்பிடக் கோட்டில் வந்து நின்றது. விமானத்துக்குக் கைச்சைகை காட்டி வழிநடத்தும் மார்ஷலர், நிறுத்தச் சொல்லிக் கைகளைக் குறுக்காக உயர்த்திவிட்டார். ஆனால் எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது, வயிற்றின் அடியிலிருந்த சிவப்பு விளக்கும் அணையவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். அந்நேரம் தரையில் கிடந்த பொலித்தீன் பை ஒன்று எழும்பி, நேராக எஞ்சின் வாய்க்குள் போய் மறைந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே உறைந்துபோனான். சிவப்பு விளக்கு அணையும்வரை எவரும் நெருங்கக்கூடாது என்பதை வகுப்பில் அவனுக்குச் சொல்லித்தான் இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், வெள்ளவத்தை

கல்கிசைத் தம்பிக்கு: பழியைப் பிரேக்கின் மீது போட்டுவிடாதீர்கள். வால் எழும்பிய விமானத்தைப் பிரேக் மட்டுமல்ல, கட்டை மட்டும் வைத்திருந்தாலும் பிடித்து வைத்திருக்க முடியாது. பிடித்து வைப்பது கயிறுதான். செஸ்னா 152இன் கைநூல், 700 இறாத்தல் இழுவிசை தாங்கும் கயிறு அல்லது சங்கிலியால் இரு இறக்கை வளையங்களையும் வால் வளையத்தையும் கட்டச் சொல்கிறது. இறக்கைத் தாங்கியில் கட்டுவது பெரும் தவறு. கயிற்றில் ஏறத்தாழ ஓர் அங்குலம் தளர்வு இருக்க வேண்டும்; அதற்கு மேல் விட்டால் காற்று விமானத்தை உதறும், இறுக்கிவிட்டால் இறக்கைக்கே கேடு. நைலோன் கயிறே நல்லது. நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். அப்படிச் சுருங்கியதால் வளைந்துபோன வளையம் ஒன்றை ஒரு மழைக்குப் பின் நானே கழற்றியிருக்கிறேன். இறக்கையிலும் வாலிலும் அசையும் சுக்கான்களின் பூட்டையும் மறக்கக்கூடாது. பூட்டாவிட்டால் அவை இரவு முழுவதும் அடித்துக்கொண்டு கீல்களைத் தின்றுவிடும். கைநூலைப் பின்பற்றினால் எந்த ஊரிலும் கவலையில்லை.

பராமரிப்புக் குழு, சீதுவை

ஐயா சொன்ன கயிற்று விடயங்கள் அனைத்தும் சரி. கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. கைநூலை எழுதியவருக்கு இரத்மலானையின் ஐப்பசிக் காற்று தெரியாது, அந்தத் தரைப்பணியாளருக்குத் தெரியும். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்க்குள் குளவிகள் மண் அடைப்பதால், தரித்து நிற்கும் விமானங்களின் குழாய்களுக்கு உறை போடுவது அங்குள்ள வழக்கம். 2018 ஜூலையில் அங்கிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏ330 பயணிகள் விமானம் ஒன்று மூன்று உறைகளையும் கழற்றாமலே மேலெழுந்து, வேகமானி காட்டாத நிலையில் திரும்பி வந்து தரையிறங்கியது. ஊர் வழக்கத்தின் முதற்பாதியைச் செய்து மறுபாதியை விட்டதால் வந்த வினை அது. 2020 கொரோனா முடக்கத்தில் இங்கு விமானங்கள் நீண்ட நாட்கள் நின்றபோது, துப்புரவுக்காக ஓர் உறையைக் கழற்றிய சற்று நேரத்திலேயே, மண்ணுருண்டையைச் சுமந்த குளவி ஒன்று குழாய் வாயைச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் குழுவில், உறையைக் கழற்றுபவர் அவற்றைக் கையோடு கொண்டுவந்து, போட்டவரின் முன்னால் எண்ணிக் கொடுத்த பின்பே பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்.