புதுப்பிப்பு: அம்மாவின் கண்ணில் பூஞ்சைப் புண்

கதிரடிக்கும்போது அம்மாவின் கண்ணில் நெல் உமி பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி இதைக் குணப்படுத்த முடியாதா என்று பலர் கேட்டீர்கள்.

முதலில் அம்மா. புண் ஆறிவிட்டது. பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் 5% சொட்டு மருந்துதான். முதல் சில நாள் மணிக்கொரு முறை, ராத்திரியும் அலாரம் வைத்து எழுப்பிச் சொட்டு விட்டோம். குலுக்கினால் பால் போல இருக்கும். இமையோரம் வெள்ளையாகப் படியும். கருவிழியில் தழும்பு நிற்கிறது, பார்வை மங்கல்தான்.

இனி உங்கள் கேள்வி. டாக்டரிடம் கேட்டேன், அப்புறம் நானும் படித்தேன். பூஞ்சையின் செல்சுவரில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைப் பொருளை, நம் எதிர்ப்புச் செல்களின் மேல் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி (உணர்ந்து பற்றும் புரதம்) அடையாளம் காண்கிறது. நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் படையெடுத்து வந்து பூஞ்சையைக் கொல்கின்றன. ஆனால் அவை கக்கும் நொதிகளே கருவிழியையும் கரைக்கின்றன. அதனால் வெறுமனே தூண்டிவிட்டால் ஆபத்து. பூஞ்சையைக் கொல்லும் வேலையைத் தடுக்காமல், கருவிழியின் அழிவை மட்டும் அடக்கும் வழியை எலிகளில் சோதிக்கிறார்கள். நம் கைக்கு இன்னும் வரவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கண் சிவந்ததும் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். அம்மாவுக்கு முதல் நான்கு நாள் அதைத்தான் விட்டோம். அது எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிட்டுவிட்டது.

அடுத்த வாரம் மறுபரிசோதனை. கருவிழி மாற்று பற்றி அப்போது பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர்.